மூன்று கம்ப்யூட்டர், ஒரே கணக்கு: வியாபார சாப்ட்வேர்களை இணைப்பது எப்படி?

இன்று சின்னக் கடைகளில்கூட கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பில் போட ஒரு சாப்ட்வேர், கணக்கு எழுத டேலி, சரக்கு இருப்பு பார்க்க ஒரு எக்செல் பைல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் தன் வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் ஒன்றில் பதிந்தது மற்றொன்றுக்குத் தெரிவதில்லை. பில்லிங் சாப்ட்வேரில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து ஒருவர் டேலியில் மறுபடியும் டைப் செய்கிறார். கம்ப்யூட்டர் வாங்கியதே வேலையைக் குறைக்கத்தான். இப்போது ஒரே வேலையை இரண்டு முறை செய்கிறோம்!

இதைத் தீர்க்க இந்த சாப்ட்வேர்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். கம்பெனிகளில் உள்ள பல சாப்ட்வேர்களை இப்படி இணைப்பதுதான் என் அன்றாட வேலை. இதில் நான்கு வழிகள் உண்டு. எது நல்ல வழி என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று கேட்டால் சொல்லலாம். அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை ஓர் உதாரணத்துடன் பார்ப்போம்.

மலையில் ஒன்று, ஊரில் இரண்டு

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைமேல் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று ஊராட்சிகள் இருக்கின்றன. இங்கே பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சாமை, புளி, தேன், கடுக்காய், பலா என்று மலை விளைச்சல்தான் இவர்களின் வருமானம். என் மாமா திருப்பத்தூரில் மண்டி வைத்திருக்கிறார். நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்ன அறையில் எலெக்ட்ரானிக் தராசும் ஒரு லேப்டாப்பும் வைத்துக் கொள்முதல் செய்கிறார்.

அவரிடம் இருப்பவை மூன்று. ஒன்று, மலையில் உள்ள லேப்டாப். யார் கொண்டுவந்தார், என்ன சரக்கு, எத்தனை கிலோ, என்ன விலை என்பதை எக்செலில் பதிகிறார்கள். இரண்டு, ஊர் மண்டியில் பில்லிங் சாப்ட்வேர். மலையிலிருந்து இறங்கிய சரக்கு இருப்பில் சேர்வதும், விற்றால் பில் போடுவதும் இதில்தான். மூன்று, கணக்குப் பார்ப்பவரிடம் உள்ள டேலி. சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் அனுப்புவது டேலியில் பதிவு ஏறிய பிறகுதான்.

புளி உலுக்கும் பருவத்தில் ஒரு நாளைக்கு 60 சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 60 சீட்டை மூன்று இடத்தில் டைப் செய்தால் 180 பதிவுகள். அந்த வேலை ஒரு நாள் பின்தங்கினால் 60 குடும்பங்களுக்குப் பணம் ஒரு நாள் பின்தங்கும். 48 கிலோ என்பது 84 என்று ஏறிவிட்டால் அதைச் சரி செய்ய அந்தப் பெண்மணி பஸ் பிடித்து மலையிலிருந்து இறங்கி வர வேண்டும். அவருக்கு அது ஒரு நாள் கூலி.

"என்னாப்பா, பெரிய கம்பெனிக்கெல்லாம் கனெக்ஷன் குடுக்கறியே, இந்த மூணு பெட்டியை இணைக்க முடியாதா உன்னால?" என்று மாமா கேட்டார். "முடியும் மாமா. எந்த வழியில இணைக்கிறதுன்னு முதல்ல முடிவு பண்ணணும்" என்றேன்.

நான்கு வழிகள்

கிரிகோர் ஹோப், பாபி வுல்ஃப் என்ற இருவர் 2003-ல் இந்தத் துறைக்கென ஒரு புத்தகம் எழுதினார்கள். சாப்ட்வேர்களை இணைக்கும் முறைகளை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் புதிதாக வரும் முறைகள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகவோ, இவற்றின் கலவையாகவோதான் இருக்கின்றன.

முதல் வழி: பைல் கொடுத்து வாங்குவது

ஒரு சாப்ட்வேர் தன் விவரங்களை ஒரு பைலாக எழுதித் தரும். மற்றொன்று அதைப் படித்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட், இம்போர்ட் என்று மெனுவில் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது. கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது வாங்குபவர் விழித்திருக்க வேண்டியதில்லை. பைலை பென் டிரைவில் கொண்டு போகலாம், மெயிலில் அனுப்பலாம். செலவு மிகக் குறைவு. குறை என்னவென்றால், உடனுக்குடன் தெரியாது. மாலையில் பைல் வந்தால் மாலையில்தான் தெரியும்.

இரண்டாவது வழி: ஒரே டேட்டாபேஸைப் பகிர்வது

எல்லா சாப்ட்வேர்களும் ஒரே இடத்தில் எழுதிப் படிப்பது. ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே நோட்டு இருப்பது போல. இரண்டாவது பிரதியே கிடையாது என்பதால் கணக்கு மாறுபட வழியில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் பில்லிங் சாப்ட்வேரை ஒரு கம்பெனி செய்கிறது, கணக்கு சாப்ட்வேரை இன்னொரு கம்பெனி செய்கிறது. ஒரு கம்பெனி அப்டேட் கொடுத்து டேபிளின் அமைப்பை மாற்றினால், அதை நம்பியிருக்கும் மற்றொரு சாப்ட்வேர் மறுநாள் காலையில் நின்றுவிடும். எல்லா சாப்ட்வேர்களும் ஒருவர் கையில் இருந்தால் மட்டுமே இந்த வழி நிம்மதியானது.

மூன்றாவது வழி: நேரடியாகக் கேட்டுப் பதில் பெறுவது

ஒரு சாப்ட்வேர் நெட்வொர்க் வழியாக மற்றொன்றைக் கூப்பிட்டு, "இந்த பில்லைப் பதிந்துகொள்" என்று சொல்லும். அதுவும் "பதிந்துவிட்டேன்" என்று உடனே பதில் சொல்லும். இப்படிக் கூப்பிடுவதற்காக ஒரு சாப்ட்வேர் திறந்து வைக்கும் வாசலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். இது போன் பேசுவது போல. வேகம் அதிகம். ஆனால் இரண்டு பக்கமும் கரன்ட் இருக்க வேண்டும், லைன் இருக்க வேண்டும், இருவரும் எடுத்துப் பேச வேண்டும்.

நான்காவது வழி: நடுவில் ஒரு தபால்பெட்டி

அனுப்புகிற சாப்ட்வேர் செய்தியை நடுவில் உள்ள ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். வாங்குகிற சாப்ட்வேர் தனக்கு நேரம் கிடைக்கும்போது வரிசையாக எடுத்துக்கொள்ளும். லைன் போனாலும் செய்தி பெட்டியிலேயே பத்திரமாகக் காத்திருக்கும். பைலைவிட வேகம், போனைவிடப் பத்திரம். ஆனால் அந்தப் பெட்டியை யாராவது நடத்த வேண்டும். அதற்கு ஒரு சர்வரும் அதைத் தெரிந்த ஓர் ஆளும் தேவை.

வேகம் எப்போது தேவை?

கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். ஸ்டிக்கரைப் பாருங்கள். 2016 ஏப்ரலில் அறிமுகமான யு.பி.ஐ. முறை அது. வாடிக்கையாளர் கல்லாவின் எதிரில் நிற்கிறார். பணம் வந்ததா இல்லையா என்று அந்த நிமிடமே தெரிந்தாக வேண்டும். மாலையில் பைல் வரும் என்று அவரை நிற்க வைக்க முடியாது. இங்கே நேரடி வழிதான் சரி.

அந்த நேரடி வழியின் பலவீனமும் இதிலேயே தெரியும். பணம் அனுப்பும்போது பாதியில் சிக்னல் போய்விட்டால் என்ன ஆகிறது? பணம் போனதா, போகவில்லையா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. மறுபடி அனுப்பினால் இரண்டு முறை போய்விடலாம். இதற்காகவே ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 12 இலக்க ரெபரன்ஸ் எண் தரப்படுகிறது. "இந்த எண் என்ன ஆயிற்று?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு அடுத்ததைச் செய்யலாம். எந்த வழியில் இணைத்தாலும் இது போன்ற ஒரு எண் உங்களுக்கும் தேவைப்படும். அதைப் பின்னால் பார்ப்போம்.

அரசாங்கமே இரண்டு வாசல் வைத்திருப்பதையும் கவனியுங்கள். ஜி.எஸ்.டி.யில் இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபர் 1 அன்று, 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. இந்த வரம்பு படிப்படியாகக் குறைந்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் வந்தது. நாள் முழுவதும் பில் போடும் பெரிய நிறுவனங்கள் தங்கள் சாப்ட்வேரை ஏ.பி.ஐ. மூலம் நேரடியாக இணைத்துக்கொள்ளலாம். குறைவாக பில் போடுகிறவர்கள் எக்செல் போன்ற படிவத்தில் விவரங்களை நிரப்பி, அதை ஒரு பைலாக மாற்றி இணையதளத்தில் ஏற்றலாம். வேலை ஒன்றுதான். அவரவர் அளவுக்குத் தக்கபடி வழி வேறு.

நடுவில் ஒருவர் எப்போது தேவை?

மூன்று சாப்ட்வேர்களை இரண்டிரண்டாக இணைத்தால் 3 இணைப்புகள் போதும். நான்கு என்றால் 6. பத்து என்றால் 45. நூறு என்றால் 4,950! எண்ணிக்கை கூடக்கூட இணைப்புகள் மிக வேகமாகப் பெருகுகின்றன. நடுவில் ஒரு மையத்தை வைத்து எல்லோரும் அதனுடன் மட்டும் இணைந்தால், நூறு பேருக்கு நூறு இணைப்புகள் போதும்.

நம் வங்கிகள் சென்ற பாதை இதுதான். ஒரு வங்கியின் கார்டு இன்னொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் வேலை செய்ய, வங்கிகள் தங்களுக்குள் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு இணைந்த காலம் உண்டு. 2004-ல் ரிசர்வ் வங்கி உருவாக்கிய ஹைதராபாத் ஆய்வு நிறுவனமான ஐ.டி.ஆர்.பி.டி., நேஷனல் பைனான்ஷியல் ஸ்விட்ச் என்ற பொது மையத்தைத் தொடங்கியது. ஒரு வங்கி இந்த மையத்துடன் இணைந்தால் போதும், அதில் உள்ள மற்ற எல்லா வங்கிகளுடனும் இணைந்தது போல. 2008-ல் தொடங்கப்பட்ட என்.பி.சி.ஐ. 2009 டிசம்பரில் அதை ஏற்று நடத்த ஆரம்பித்தது. பிறகு யு.பி.ஐ.யைக் கொண்டுவந்ததும் இந்த நிறுவனம்தான்.

அப்படியானால் மாமாவின் மண்டிக்கும் ஒரு மையம் வைக்கலாமா? மூன்று பெட்டிக்கு நடுவில் நான்காவதாக ஒரு பெட்டி வைப்பதில் லாபமில்லை. மையம் படுத்தால் எல்லாம் படுக்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். ஐந்தாறு கிளைகள் வந்த பிறகு இதைப் பற்றி யோசித்தால் போதும்.

நான்கு கேள்விகள்

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் நான் எந்த வாடிக்கையாளரிடமும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்பேன். மாமாவிடமும் கேட்டேன். நீங்களும் ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. இந்த விவரம் அடுத்த சாப்ட்வேருக்கு எவ்வளவு நேரத்தில் தெரிய வேண்டும்? மண்டிக்கு லோடு இறங்குவதே மறுநாள்தான். பணம் அனுப்புவதும் மறுநாள். ஆகவே அன்று இரவுக்குள் தெரிந்தால் போதும். வினாடிக் கணக்கு தேவையில்லை.

2. லைன் இல்லாவிட்டால் வேலை நிற்கலாமா? மலையில் மழை பெய்தால் சிக்னல் போகும், கரன்டும் போகும். மூட்டையைத் தலையில் சுமந்து வந்தவரிடம் "நெட் வரவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லக் கூடாது. ஆகவே மலை லேப்டாப் தனியாகவே ஓட வேண்டும். இந்த ஒரு பதிலே நேரடி வழியையும் பொது டேட்டாபேஸையும் கழித்துவிட்டது.

3. எத்தனை சாப்ட்வேர்கள்? மூன்று. மையம் தேவையில்லை.

4. எந்த விவரத்துக்கு எந்த சாப்ட்வேர் உரிமையாளர்? நால்வகைக் கேள்விகளில் இதுதான் முக்கியமானது. பெரும்பாலும் யாரும் கேட்காததும் இதுதான்.

கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் விளக்குகிறேன். எடையைத் தராசின் அருகில் இருப்பவர் மட்டுமே அறிவார். எனவே எடைக்கு உரிமையாளர் மலை லேப்டாப். அதில் தவறு இருந்தால் அங்கே மட்டும்தான் திருத்த வேண்டும். மண்டியிலோ டேலியிலோ திருத்தக் கூடாது. விற்பனை பில்லுக்கு உரிமையாளர் மண்டியின் பில்லிங் சாப்ட்வேர். பணம் கொடுத்தாயிற்றா என்பதற்கு உரிமையாளர் டேலி. இதை முடிவு செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த இணைப்பைக் கொடுத்தாலும், மூன்று இடத்திலும் மூவர் திருத்துவார்கள். மாதக் கடைசியில் மூன்று கணக்கு நிற்கும். எது உண்மை என்று கம்ப்யூட்டர் சொல்லாது.

பதில்களைச் சேர்த்துப் பார்த்தபோது முதல் வழியே போதும் என்று தெரிந்தது. தினம் மாலை ஒரு பைல். சிக்னல் இருந்தால் மெயில். இல்லையென்றால் மறுநாள் லோடு ஏற்றிச் செல்லும் டிரைவர் கையில் பென் டிரைவ்.

பைலுக்கும் இலக்கணம் உண்டு

பைல் வழி எளிமையானது என்பதால் இலக்கணம் இல்லாமல் செய்தால் ஆபத்து. நெல்லிவாசல்நாடு இருக்கும் இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் தொலைநோக்கி 1986-ல் செயல்பட ஆரம்பித்தது. உலகெங்கும் வானியலாளர்கள் படங்களைப் பரிமாறிக்கொள்வது பிட்ஸ் என்ற பொது பைல் பார்மட்டில். 1981-ல் வெளியான இந்த பார்மட்டை 1982-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. இந்த பைலின் தலைப்பகுதி சாதாரண எழுத்துகளில் இருக்கும். உள்ளே எத்தனை வரிசை, ஒவ்வொரு எண்ணும் எத்தனை பிட் என்பதெல்லாம் அங்கேயே சொல்லப்பட்டிருக்கும். எந்த நாட்டில், எந்த சாப்ட்வேரில் திறந்தாலும் புரியும். பல வருடங்களுக்கு முன் எழுதிய பைலையும் இன்று படிக்கலாம். இரண்டு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பார்மட் என்றால் இதுதான்.

ஒப்புக்கொண்டதைப் பின்பற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாய்க்கு அருகில் காணாமல் போனது. தரையில் ஒரு சாப்ட்வேர், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் பைலில் எழுதியது. அதைப் படித்த சாப்ட்வேர் நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஏறத்தாழ நாலரை மடங்கு வித்தியாசம். இணைப்பு வேலை செய்தது, எண்களும் வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றின் பொருள் மாறிவிட்டது. நம் மண்டியில் இது கிலோவா குவிண்டாலா என்ற கேள்வி. கொட்டை எடுத்த புளியா, கொட்டையோடு உள்ள புளியா என்ற கேள்வியும்கூட. விலை வேறு அல்லவா?

நாங்கள் வகுத்த விதிகள் இவை. உங்கள் கடைக்கும் பொருந்தும்.

ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரே ஒரு எண்: "நெ-150326-007" என்பது போல. இடம், தேதி, வரிசை எண் மூன்றும் இதில் இருக்கின்றன. ஒரே பைல் தவறி இரண்டு முறை ஏற்றப்பட்டால், இந்த எண் ஏற்கனவே இருக்கிறது என்று பார்த்து இரண்டாவதைத் தள்ளிவிடலாம். இல்லாவிட்டால் ஒரே மூட்டைக்கு இரண்டு முறை பணம் போகும்.

ஆளுக்கும் ஒரு எண்: மலை ஊர்களில் ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பார்கள். அப்பா பெயரும்கூட ஒன்றாகவே இருக்கும். ஒரே பெயரை ஒருவர் ஒரு மாதிரியும் மற்றவர் வேறு மாதிரியும் டைப் செய்வார்கள். பெயரை வைத்து இணைத்தால் ஒருவர் பணம் இன்னொருவருக்குப் போகும். எனவே கொண்டுவருபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அது எழுத்தில் தொடங்கட்டும். வெறும் 014 என்று கொடுத்தால் எக்செல் அதை 14 ஆக்கிவிடும்.

வங்கிக் கணக்கு எண் பைலில் வேண்டாம்: எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாக டைப் செய்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறிவிடும். கணக்கு எண் டேலியில் மட்டும் இருக்கட்டும். பைலில் ஆள் எண் மட்டும் போகட்டும். பென் டிரைவ் தொலைந்தாலும் யாருடைய கணக்கு எண்ணும் வெளியே போகாது.

தேதியை வருடத்தில் தொடங்குங்கள்: 03-04-2026 என்றால் ஒரு கம்ப்யூட்டருக்கு ஏப்ரல் 3, இன்னொன்றுக்கு மார்ச் 4. 2026-04-03 என்று எழுதினால் குழப்பம் குறையும்.

தமிழை யூனிகோடில் வையுங்கள்: பழைய தமிழ் பான்ட்டில் டைப் செய்த பெயர்கள் அடுத்த கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத் தெரியும். யூனிகோடில் டைப் செய்து, எக்செலில் சேவ் செய்யும்போது சி.எஸ்.வி. யு.டி.எப்.-8 என்ற வகையைத் தேர்ந்தெடுத்திடுங்கள். வெறும் சி.எஸ்.வி. என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடலாம்.

கடைசி வரியில் கூட்டுத்தொகை: எத்தனை சீட்டு, மொத்தம் எத்தனை கிலோ, மொத்தம் எவ்வளவு ரூபாய். ஏற்றிய பிறகு அந்தப் பக்கத்திலும் இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த பைலை முழுவதுமாக நிறுத்தி வைத்துவிட்டு மலைக்கு போன் செய்ய வேண்டும்.

பைல் டேலிக்குள் போவது எப்படி?

டேலியில் எக்ஸ்.எம்.எல். வகை பைலை இம்போர்ட் செய்யும் வசதி பல வருடங்களாகவே உண்டு. டேலி பிரைம் 4.0 முதல் எக்செல் பைலையும் நேரடியாக இம்போர்ட் செய்யலாம். எக்செலில் உள்ள எந்தக் காலம் டேலியின் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு முறை சொல்லிவைத்தால் போதும். எதைச் செய்யும் முன்பும் டேலி டேட்டாவை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மாதிரிக்கு ஒரு புதிய கம்பெனி உருவாக்கி அதில் ஏற்றிப் பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் உண்மையான கணக்கில் ஏற்றுங்கள்.

இங்கே ஒரு தடங்கல் வந்தது. மண்டியில் இருந்த பில்லிங் சாப்ட்வேர் விவரங்களை பி.டி.எப். ஆக மட்டுமே வெளியே தந்தது. பி.டி.எப். மனிதர்கள் படிக்க நல்லது, இன்னொரு சாப்ட்வேர் படிக்க ஏற்றதல்ல. எக்செலில் தர வேண்டுமானால் தனிக் கட்டணம் என்றார் விற்றவர். கடைசியில் அந்தக் கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. நீங்கள் சாப்ட்வேர் வாங்கும்போதே இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்:

• எல்லா விவரங்களையும் எக்செல் அல்லது சி.எஸ்.வி. பைலாக வெளியே எடுக்கலாமா? ரிப்போர்ட் மட்டும்தானா?

• வெளியிலிருந்து வரும் பைலை உள்ளே ஏற்றலாமா?

• ஏ.பி.ஐ. உண்டா? அதற்குத் தனிக் கட்டணமா?

• அடுத்த வருடம் பணம் கட்டாவிட்டால் என் பழைய விவரங்களை எடுக்க முடியுமா?

கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இன்னொரு கடையைப் பாருங்கள்.

இரண்டு வாரம் இரண்டும் ஓடட்டும்

புது முறை வந்த அன்றே பழைய நோட்டை மூடிவிடாதீர்கள். இரண்டு வாரம் கையால் எழுதுவதும் நடக்கட்டும், பைல் ஏறுவதும் நடக்கட்டும். தினம் இரவு இரண்டின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் எந்தச் சீட்டு என்று தேடுங்கள். பெரும்பாலும் உங்கள் தொழிலில் உள்ள ஒரு பழக்கம் விதியில் விடுபட்டிருக்கும். எங்களுக்கு அப்படி வந்தது சாக்கு எடை. மலையில் சாக்கின் எடையைக் கழித்து எழுதுவார்கள், மண்டியில் சாக்கோடு எழுதுவார்கள். பைலில் இரண்டுக்கும் தனித்தனிக் காலம் போட்ட பிறகு கணக்கு ஒத்துப்போனது.

இப்போது சீட்டு ஒரே ஒரு முறைதான் டைப் ஆகிறது, அதுவும் தராசின் அருகிலேயே. கொண்டுவந்தவர் திரையில் தன் எடையைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். இது கடைசி ஏற்பாடு அல்ல. மலையில் லைன் நிலையாகக் கிடைத்து, கொள்முதல் இடங்களும் கூடினால், இதே சீட்டு எண்ணையும் ஆள் எண்ணையும் வைத்துக்கொண்டு நேரடி வழிக்கோ தபால்பெட்டி வழிக்கோ மாறிவிடலாம். வழி மாறும். எண்களும் உரிமையாளர் யார் என்ற முடிவும் அப்படியே இருக்கும்.

உங்கள் கடையிலும் ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் டைப் செய்கிறீர்களா? சாப்ட்வேர் விற்பவரைக் கூப்பிடும் முன் ஒரு பேப்பரை எடுங்கள். எந்த விவரம் எங்கே பிறக்கிறது, யார் திருத்தலாம், எவ்வளவு நேரத்தில் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும் என்று எழுதுங்கள். அதன் பிறகு அவரைக் கூப்பிடுங்கள். அவர் சொல்லும் வழி உங்களுக்குத் தேவைதானா என்று அந்தப் பேப்பரைப் பார்த்து நீங்களே சொல்லிவிடலாம்.